நோட்டிலிருந்து அச்சு வரை: ஓர் ஒன்பதாம் வகுப்பின் எழுத்து யார் கைக்கெல்லாம் போனது

இது 2023–24 கல்வியாண்டில், தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. நான் அங்கே தமிழாசிரியர். ஊர், பள்ளி, பிள்ளைகளின் பெயர் எதுவும் இதில் இல்லை. இதில் அதிகம் பேசப்படும் மாணவிக்கும் அவளுடைய அம்மாவுக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டேன். அவர்கள் வேண்டாமென்ற இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். ஏன் இவ்வளவு முன்னெச்சரிக்கை என்பது போகப்போகத் தெரியும்.

பின்னணி

வகுப்பில் 34 பேர். பாதிக்கு மேற்பட்டவர்களின் அம்மாமார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். தொழிற்சாலை என்று எழுதுவது வெளியூர்க்காரர்கள்தான். எங்கள் பக்கம் அது ஆபீஸ். விடிந்ததும் விடியாததுமாக வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மழை ஒழுங்காகப் பெய்த வருஷம் வெள்ளாமையும் உண்டு.

எழுதும் பயிற்சி என்றால் கட்டுரை நோட்டு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே அடிக்கோடிட்ட துணைத்தலைப்புகள். ஜூன் 12 அன்று பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மழைநீர் சேமிப்பு பற்றி எழுதச் சொன்னேன். 34 நோட்டுகளில் 29, ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கின. குறளில் குற்றமில்லை, நோட்ஸ் புத்தகத்தில் அந்தக் கட்டுரை அப்படித்தான் தொடங்குகிறது. பள்ளிச் சுவருக்குப் பின்னால் வெடித்துக் கிடந்த எங்கள் கம்மாய் ஒரு நோட்டில்கூட இல்லை.

எனக்கு அப்போது பட்ட காரணம் இதுதான்: இந்த நோட்டைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன் மட்டுமே, அதுவும் சிவப்புப் பேனாவோடு. வாசிக்க ஆளில்லாத இடத்தில் சொந்த வார்த்தை எதற்கு? சக மாணவர்கள் படிக்கட்டும், முடிந்தால் வெளியே அச்சில் வரட்டும் என்று நினைத்தேன். காரணம் சரிதான். அதைச் செயல்படுத்திய விதத்தில்தான் கோட்டை விட்டேன்.

ஜூலை

மாதம் இரண்டு பாடவேளை ஒதுக்கினேன். தலைப்பு இல்லை, மதிப்பெண் இல்லை, பிழை திருத்தம் இல்லை. ‘உங்க வீட்டில, தெருவில, நீங்க கண்ணால பார்த்த ஒண்ணை எழுதுங்க’ என்றதோடு சரி. முதல் முறை பெரும்பாலும் நான்கு வரிதான் வந்தது. ஒரு பையன், ‘எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது முறை ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருக்கிறார். வாரா வாரம் வசூலுக்கு ஆள் வருவார். அந்த வாரம் பணம் புரளவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விட, இவள் வாசலில் நின்று, ‘அம்மா ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்கிறாள். வந்தவர் போகாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். இவள் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். சொம்பைத் திருப்பித் தரும்போது அவர், ‘எத்தனாவது படிக்கிற?’ என்று கேட்கிறார். அதோடு எழுத்து நின்றுவிட்டது.

இருபது வருஷமாகக் கட்டுரை நோட்டு திருத்துகிறேன். அப்படி நிறுத்தத் தெரிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் நான் செய்த தவறு

ஆகஸ்ட் முதல் வாரம் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். அவளிடம் கேட்கவில்லை. பெயரைச் சொல்லாமல்தான் தொடங்கினேன். ஆனால் மூன்றாவது வரியிலேயே யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சின்ன ஊர், யார் வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். வாசித்து முடித்து, ‘எழுதினா இப்படி எழுதணும்’ என்று வேறு சொன்னேன். அவள் குனிந்தபடி இருந்ததைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் இடைவேளையில் இரண்டு பையன்கள், ‘ஏய், குழுக்காரரு வாராரு, ஒளிஞ்சுக்கோ’ என்று அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். அடுத்த மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அம்மாவோடு வந்தாள். அம்மா அன்றைய வேனை விட்டுவிட்டு வந்திருந்தார். அதாவது அன்றைய கூலியை விட்டுவிட்டு.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்னதை அன்று மாலையே குறித்து வைத்தேன்: “எழுதுனதைத் தப்புன்னு சொல்லல ஐயா. கடன் இருக்கது ஊருக்கே தெரியும். ஒளிஞ்சது எனக்கும் இவளுக்கும் மட்டுந்தான தெரியும்.”

அன்றைக்கு அவளுடைய நோட்டைப் பார்த்தேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. இரண்டு தாளையும் சேர்த்து வைத்து ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தாள்.

எடுத்த முடிவும் காரணமும்

அந்த இரண்டு பையன்களைக் கண்டித்தேன். ஆனால் கேலிக்கான சரக்கைக் கொடுத்தவன் நான் என்பதால் கண்டிப்பில் எனக்கே அழுத்தம் வரவில்லை. வகுப்பு முழுவதற்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அவளையே கேட்டேன். வேண்டாம் என்றாள்; திரும்பவும் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்றாள். கேட்டுச் செய்த முதல் காரியம் அது.

எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்றார் சக ஆசிரியர் ஒருவர். நிறுத்தினால், எழுதியதுதான் குற்றம் என்று ஆகிவிடும். எனவே வேறு ஏற்பாடு செய்தோம். எழுதி முடித்ததும் தாளின் தலையில் எழுதியவரே ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் ஐயாவுக்கு மட்டும். 2 என்றால் எழுதியவர் சொல்லும் ஒரே ஒருவருக்கு. 3 என்றால் வகுப்புக்கு. 4 என்றால் பள்ளிக்கு வெளியேயும் போகலாம். எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கூட்டவும் குறைக்கவும். எண் போடாத தாள் 1 என்றே கொள்ளப்படும்.

இதில் ஒரு விலக்கையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். யாராவது உங்களை அடித்துத் துன்புறுத்துவதாகவோ, தொடக்கூடாத விதத்தில் தொடுவதாகவோ எழுதினால், அது 1 என்றிருந்தாலும் நான் மறைத்து வைக்க முடியாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐப் பலகையில் எழுதிப் போட்டேன். அந்த வருஷம் அப்படி எதுவும் என் கைக்கு வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், ‘ஐயாவுக்கு மட்டும்’ என்பது நான் காப்பாற்ற முடியாத வாக்காகப் போயிருக்கும்.

செப்டம்பர் முழுக்க 34 தாளில் முப்பதுக்குக் குறையாமல் 1 என்றே வந்தது. எனக்குச் சப்பென்று இருந்தது. ஆனால் தாள்கள் நீளமாகிக்கொண்டு வந்தன.

சக வாசகர்

முதலில் 2 போட்டவர்களின் அனுபவம் சுகமில்லை. படித்த பிள்ளைகள் ஒன்று ‘நல்லா இருக்கு’ என்றார்கள், அல்லது ஒற்றுப்பிழை திருத்தினார்கள். சிவப்புப் பேனா கடன் வாங்கி வந்தவனும் உண்டு. ஆளுக்கு ஒரு குட்டித் தமிழாசிரியர் ஆகிவிட்டார்கள்; குற்றம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

எனவே படிப்பவர் செய்ய வேண்டியது இரண்டே காரியம் என்று வைத்தோம். கண்ணால் பார்த்ததுபோல் இருந்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றைக் கேள்வியாக எழுத வேண்டும். பிழை எதையும் தொடக்கூடாது. இரண்டையும் தனிச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளின் மேல் எழுதினால் அது எழுதியவருடைய தாளாக இராது என்று வகுப்பில் ஒரு பெண் சொன்னாள், அதையும் சேர்த்துக்கொண்டோம்.

அக்டோபர் நடுவில் அந்த மாணவி நோட்டிலிருந்த பின்களைப் பிரித்து, தாளைப் புதிதாக எழுதி, மேலே 2 என்று போட்டுக் கொண்டுவந்தாள். யாருக்குக் கொடுக்க என்றேன். அவளுடைய உயிர்த்தோழியைச் சொல்வாள் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் யாரோடும் அதிகம் பேசாத ஒரு பையனைச் சொன்னாள். பிறகுதான் விளங்கியது: தோழியின் அம்மா அதே குழுவின் தலைவி. நெருங்கியவர்தான் நல்ல வாசகர் என்று நாமாக ஜோடி போடுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதன்பிறகு நான் யாருக்கும் ஜோடி போடவில்லை.

அந்தப் பையன் இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்த சீட்டில் சொம்பு இடம் கண்ணில் தெரிந்ததாக எழுதியிருந்தான். கேள்வி இது: ‘அவர் திண்ணையில இருந்த நேரமெல்லாம் உங்க அம்மா அந்த வீட்டுல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?’

நான் எத்தனை பேனா தீர்த்தாலும் எனக்குத் தோன்றியிராத கேள்வி. அவளும் யோசித்ததில்லை. தாளில் ஒரு பத்தி கூடுதலாக வந்தது: அம்மா பக்கத்து வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தொலியும் உடைகிற சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டு.

கையெழுத்து இதழ்

3 போட்ட தாள்கள் சேர்ந்ததும் முதலில் சுவரில் ஒட்டினோம். ஒரே வாரத்தில் யாரோ ஒரு கவிதைக்கு மீசை வரைந்துவிட்டார்கள். பிறகு இதழ் என்று முடிவானது. 24 பக்கம், கையால் எழுதியது, ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒரு ரூபாய். 20 பிரதிக்கு 480 ரூபாய். முன்னட்டையின் அடியில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டோம். சிற்றிதழ்களில் பார்த்துப் பழகிய அந்த வரி, எங்கள் வகுப்பில் அகராதிப் பொருளிலேயே வேலை செய்தது. இது இந்தச் சுற்றைத் தாண்டிப் போகாது என்ற உறுதி அது. அந்த உறுதி ஒரு முறை உடைந்தது. ஒரு பிள்ளையின் அண்ணன் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் வைத்துவிட்டார். எழுதியவன் அதில் மகிழ்ச்சிதான் அடைந்தான் என்றாலும், அடுத்த இதழிலிருந்து, ‘படம் எடுக்காதீர்’ என்று இரண்டாம் வரியும் சேர்ந்தது.

எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு பரிசோதனை செய்தேன். பிரான்சின் தென்பகுதியில் பார் சுர் லூ என்ற கிராமத்துப் பள்ளியில் செலஸ்தென் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924இல் வகுப்புக்குள்ளேயே ஒரு சிறு அச்சு எந்திரம் வாங்கி வைத்தார். பிள்ளைகள் தாங்கள் விரும்பியதை எழுதுவார்கள், எதை அச்சடிப்பது என்று வகுப்பே வாக்களிக்கும், அச்சானது வேறு ஊர்ப் பள்ளிக்குத் தபாலில் போகும். இதைப் படித்த உற்சாகத்தில் நானும் வாக்கெடுப்பு வைத்தேன். ஒரு நடிகரைப் பற்றிய பாட்டு பெரும் வெற்றி பெற்றது. அது போகட்டும், வாக்குகள் தெருவாரியாகப் பிரிந்ததைப் பார்த்தபோது கையைச் சுட்டுக்கொண்டோம் என்று புரிந்தது. எந்தத் தெரு யாருடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. வாக்கெடுப்பைக் கைவிட்டு, மாதம் ஒருமுறை மாறும் ஐந்து பிள்ளைகள்தான் இதழின் ஆசிரியர் குழு என்று வைத்தோம். அவர்கள் சேர்க்காத தாளுக்குச் சேர்க்காத காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இது ஓரளவு தேவலை.

ஃப்ரெனேயிடமிருந்து எடுத்து நிலைத்தது தபால்தான். திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரப் பள்ளியொன்றில் எனக்குத் தெரிந்த ஆசிரியை இருந்தார். அவருடைய வகுப்புக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அங்கிருந்து 17 சீட்டுகள் வந்தன. ‘தீப்பெட்டி ஆபீஸ்னா கம்ப்யூட்டர் இருக்குமா?’ என்று ஒரு சீட்டு. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, கட்டை அடுக்குவது என்றால் என்ன, ஒரு கட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்று பேர் சேர்ந்து இரண்டு பக்கம் எழுதினார்கள். உள்ளூர் வாசகருக்கு அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். கம்மாய்களும் குளங்களும் உடைந்தன. அரையாண்டுத் தேர்வு எங்கள் மாவட்டத்தில் தள்ளிப்போனது. ஜனவரியில் பிள்ளைகள் வந்தபோது நான் எதுவும் சொல்லாமலே எழுதினார்கள். 34 பேரும் எழுதினார்கள். எல்லாத் தாளும் 3 அல்லது 4.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைச் சொல்ல யாருக்கும் வெட்கம் இல்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் வந்தது. கடன் விஷயமும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஆனால் ஒவ்வொரு வீடும் அது தன் வீட்டில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அந்த வெள்ள இதழின் 20 பிரதி போதாமல் இன்னும் 15 போட வேண்டியிருந்தது. ஊர்க் கிளை நூலகத்தில் நூலகர் ஒன்றை வாங்கி மேசையில் போட்டார். வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பிள்ளைகள் போய் வாசித்தார்கள். பெரியவர் ஒருவர், எந்த மடை முதலில் உடைந்தது என்று பிள்ளைகளோடு வாதம் செய்தார். அதைவிடப் பெரிய விமர்சனம் கிடைக்காது.

வெளியே அனுப்பியது

நான் பள்ளியில் படித்த காலத்தில் கோகுலமும் அம்புலிமாமாவும் இருந்தன. பிறகு சுட்டி விகடன் வந்தது. மூன்றும் இப்போது அச்சில் இல்லை. இருக்கும் இடங்களைப் பிள்ளைகளே பட்டியலிட்டார்கள். பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய தேன்சிட்டு, 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும். 1987 முதல் அறிவியல் இயக்கத்தின் துளிர். நாளிதழ்களின் சிறுவர் இணைப்புகள். சில சிறார் சிற்றிதழ்கள்.

பட்டியல் போட்டதோடு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இதழாவது படித்துவிட்டு அனுப்பலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். நூலகத்தில் உட்கார்ந்து படித்தோம். அதில்தான் தெரிந்தது, கம்மாய்க்கு வெள்ளத்துக்குப் பின் வந்த பறவைகளைப் பற்றிய தாள் ஓர் இடத்துக்குப் பொருந்தும், தாத்தா சொன்ன பேய்க்கதை இன்னோர் இடத்துக்கு என்று. ஒரு பதிவேடு வைத்தோம்: எது, எங்கே, எந்தத் தேதி, என்ன பதில். ஒரே தாளை இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்ப எழுதியவருக்கு உரிமை உண்டு. பெயர், வகுப்பு, பள்ளி போகும். வீட்டு முகவரியும் பெற்றோர் கைபேசி எண்ணும் போகாது. 4 என்று பிள்ளை போட்டால் மட்டும் போதாது, வீட்டில் ஒருவர் முழுவதையும் கேட்டுச் சம்மதிக்க வேண்டும்.

ஜனவரி கடைசியில் 11 தாள்கள் போயின. மூன்று அச்சில் வந்தன. ஏழுக்குப் பதிலே இல்லை. பதில் இல்லாததுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டியது. ‘நல்லா இல்லையா ஐயா?’ என்று வாரா வாரம் ஒருவன் கேட்டான். நல்லா இல்லை என்று யாரும் சொல்லவில்லை, யாரும் எதுவுமே சொல்லவில்லை என்று பதிவேட்டைக் காட்டினேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

பதினோராவது, அந்த மாணவியுடையது.

திரும்பி வந்த கட்டுரை

அவள் 4 என்று போட்டபோது நான் இரண்டு முறை கேட்டேன். உறுதியாக இருந்தாள். வீட்டில் அம்மாவுக்கு அவளே வாசித்துக் காட்டினாள். அம்மா இரண்டு திருத்தம் சொன்னார். கடன் தொகையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, “அன்னைக்கு உடைச்சது கடலை இல்ல, புளி. கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தோம். புளி தட்டுனா சத்தம் கேக்கும்னுதான் கையால உரிச்சோம்.”

கடலைப் பத்தி இவளாக ஊகித்து எழுதியது. பையன் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் வீட்டிலேயே இருந்தும், அதுவரை அவள் கேட்டிருக்கவில்லை. பத்தி மாறியது. இப்போது சத்தமே இல்லாத ஒரு பத்தி அது. முன்னதைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது.

ஒரு சிறார் இதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன் திருத்திய வடிவத்தை என் கைபேசிக்கு அனுப்பினார்கள். அந்தப் பண்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். கைதட்டலும் கிடைத்தது.

அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முடித்துவிட்டு, “இது நான் எழுதுனது இல்லயே ஐயா” என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலை ஆகியிருந்தது. ஏனம் பாத்திரமாகவும், வெஞ்சனம் தொடுகறியாகவும் மாறியிருந்தன. கம்மாய், ஏரியாகியிருந்தது. எங்கள் பக்கம் ஏரி என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்கள். ‘அம்மா ஊருக்குப் போயிருக்கு’ என்ற பேச்சு, ‘அம்மா ஊருக்குச் சென்றிருக்கிறார்’ என்று நிமிர்ந்து நின்றது. கடைசியில், ‘எத்தனாவது படிக்கிற?’ என்பதற்குப் பிறகு மூன்று வரி சேர்ந்திருந்தது. கடன் வாங்காமல் சிக்கனமாக வாழ வேண்டும் என்று அவள் அன்று உறுதி பூண்டதாக.

என் மனநிலையை மறைக்க வேண்டியதில்லை. அவள் சரியென்று சொல்ல வேண்டும் என்றுதான் விரும்பினேன். அச்சில் பெயர் வருவது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல. கூட்டத்தில் அறிவித்தும் ஆகிவிட்டது. ‘ரெண்டு வார்த்தைதானே’ என்று என் வாயில் வந்துவிட்டது. ஆகஸ்டு நினைவு வந்து நிறுத்தியது.

அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். எழுதியவருக்கே எழுத்தின் முதல் உரிமை என்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், அதற்கு வயது வரம்பு இல்லை. இரண்டாவது, கி. ராஜநாராயணன் எங்கள் கரிசல் பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்து 1982இல் வெளியிட்டார். வட்டாரச் சொல் அச்சேறுவது புதிதல்ல. என் வீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தாள்.

பிறகு அவளே ஒரு பட்டியல் தயாரித்தாள். சந்திப் பிழை திருத்தங்கள் ஒன்பதையும் ஏற்றுக்கொண்டாள். ‘நான்’ என்று அடுத்தடுத்து வந்த இடத்தில் இதழாசிரியர் ஒன்றை எடுத்திருந்தார். அது நல்ல திருத்தம் என்று அவளே குறித்திருந்தாள். ஐந்து சொற்கள் பழையபடி வேண்டும், கடைசி மூன்று வரி வேண்டாம் என்று எழுதினாள். அதை அப்படியே அனுப்பினேன். நான் எதுவும் சேர்க்கவில்லை.

இதழாசிரியர் பொறுமையாகப் பேசினார். சொற்களை விட்டுவிடலாம், வேண்டுமானால் கீழே பொருள் போட்டுக்கொள்ளலாம் என்றார். முடிவு விஷயத்தில்தான் உடன்படவில்லை. படிக்கிற சிறுவர்களுக்கு அந்தச் சிறுமி பொய் சொன்னது சரியா தவறா என்று தெரியாமல் முடிகிறதே என்பது அவர் கவலை. சிறார் இதழ் நடத்துபவருக்கு அந்தக் கவலை இருப்பதில் நியாயம் உண்டு. இவளிடம் கேட்டேன். “சரியா தப்பான்னு எனக்கும் தெரியாதே ஐயா” என்றாள்.

கட்டுரை அச்சில் வரவில்லை.

அதன் பிறகு

தலைமையாசிரியருக்கு வருத்தம், சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அறிவிப்புக்குப் பிறகு, ‘எப்ப வரும், எப்ப வரும்’ என்று மற்ற பிள்ளைகள் கேட்டதை அவள் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது. அதற்கு நான் பொறுப்பு.

மார்ச்சில் வந்த எங்கள் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. பெயர் போடவில்லை, ‘ஒன்பதாம் வகுப்பு’ என்று மட்டும். அவள் விருப்பம் அது. ஆகஸ்டில் கேலி செய்தவர்களில் ஒருவன் அந்த மாத ஆசிரியர் குழுவில் இருந்தான். பக்கத்தை அவன்தான் கையால் எழுதினான். அவனுடைய கையெழுத்து நன்றாக இருக்கும். மன்னிப்பு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. கடலோரப் பள்ளியிலிருந்து அந்தக் கட்டுரைக்கு மட்டும் ஒன்பது சீட்டுகள் வந்தன. அவற்றில் நான்கு, ‘எங்க வீட்டுக்கும் வருவாங்க’ என்று தொடங்கின. அவற்றை அவள் எனக்குக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆண்டு முடிவில் எண்களைப் பார்த்தேன். ஆறு பேர் வருஷம் முழுக்க, வெள்ளத் தாள் தவிர, 1க்கு மேல் போகவே இல்லை. முன்பென்றால் இதைத் தோல்வி என்று எழுதியிருப்பேன். அந்த ஆறு பேரில் இருவர்தான் வகுப்பிலேயே அதிகப் பக்கம் எழுதியவர்கள்.

மறுபடி செய்தால்

கேட்காமல் வாசிக்க மாட்டேன். இதற்கு விளக்கம் வேண்டாம்.

அச்சில் வருவதற்கு முன் யாரையும் அறிவிக்க விட மாட்டேன். திருத்தம் வரும், மறுக்கலாம், மறுத்தால் வராமலும் போகலாம் என்பதை அனுப்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். அந்த வருஷம் நான் அதைச் சொன்னது எல்லாம் நடந்த பிறகு. சக வாசகர் திருத்தம், வீட்டார் திருத்தம், இதழாசிரியர் திருத்தம் மூன்றும் ஒன்றல்ல என்பதை ஒரு பாடவேளையாகவே நடத்தலாம். பையன் கேள்வி கேட்டான், அம்மா தகவலைத் திருத்தினார், இதழாசிரியர் முடிவைச் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டாலும் கட்டுரை அவளுடையதாகவே இன்னும் வளர்ந்தது.

வெளி ஊர்ப் பள்ளியோடு தபாலை ஜூலையிலேயே தொடங்குவேன். அச்சுக்கு அனுப்பிய 11 தாளுக்குக் கிடைத்ததைவிட, தபாலில் போன 24 பக்கத்துக்கு அதிகம் பதில் வந்தது. வாசகர் யார், எத்தனை பேர் என்பதைப் பிள்ளைகள் கையால் எண்ண முடிந்தது. அச்சில் வந்த மூவரும் தங்கள் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு வரி எழுதியவர் யாரும் இல்லை.

ஆசிரியர் குழுவின் ‘சேர்க்காத காரணம்’ சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் இன்னும் எனக்குத் தெளிவு வரவில்லை. சில சீட்டுகள் கடுமையாக இருந்தன. ஒருத்தி அதற்குப் பிறகு 3 போடவே இல்லை.

அந்த மாணவி 2024–25இல் பத்தாம் வகுப்புக்குப் போனாள். பொதுத்தேர்வு வருஷம், இதழுக்கு எழுதவில்லை. டிசம்பரில் ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்து மடித்த நான்கு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். படித்தேன். என்ன எழுதியிருந்தாள் என்பதை இங்கே சொல்ல முடியாது. மேலே 1 என்று போட்டிருந்தது.